பின் ஷாக் அப்சார்பர்: பஃபரா, பழுதுபார்த்ததா, புதியதா?

எங்கள் வண்டி 2012 மாடல் ஸ்கார்பியோ. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது பின் இருக்கையில் இருந்த அம்மாவுக்குத் தலை சுற்றி, பாதி வழியில் நிறுத்த வேண்டியதாயிற்று. வளைவுதான் காரணம் என்று முதலில் நினைத்தேன். இறங்கி வந்து சமவெளியில் ஒரு வேகத்தடையைக் கடந்த பிறகும் வண்டியின் பின்பகுதி மூன்று முறை எழுந்து அமர்ந்தது. வீட்டில் குனிந்து பார்த்தபோது இடது பின் ஷாக் அப்சார்பர் முழுவதும் எண்ணெய் வழிந்து, அதன்மேல் புழுதி சேறாக அப்பியிருந்தது. பின் டயரைக் கையால் தடவினால் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டது. ஷாக்கின் உடலில் மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும் இருந்தால் கவலைப்பட வேண்டாம். வழிந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

விசாரித்த இடமெல்லாம் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி சொன்னார்கள். மிகவும் மலிவானது, காயில் ஸ்பிரிங்கின் வளையங்களுக்கு நடுவே ரப்பர் பஃபரைச் செருகிவிடுவது. கடுமையாக மறுக்க வேண்டியதும் இதைத்தான். ஸ்பிரிங் சக்தியை வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுக்கிறது. அந்தச் சக்தியை வெப்பமாக்கிக் கரைப்பது ஷாக் அப்சார்பரின் வேலை. அதன் உள்ளே பிஸ்டன் எண்ணெயைச் சிறு துளைகள் வழியாகத் தள்ளும்போது இது நடக்கிறது. பஃபர் ஸ்பிரிங்கை இன்னும் விறைப்பாக்குகிறது. விறைத்த ஸ்பிரிங்கை அடக்க அதிக வலுவுள்ள ஷாக் வேண்டும். நம்மிடம் இருப்பதோ செத்துப்போன ஷாக். பின்பகுதி தாழ்ந்து தெரிவது நிற்கும், துள்ளல் நிற்காது.

அடுத்தது பழைய ஷாக்கையே பழுதுபார்த்து வாங்குவது. இந்தப் பாடத்தைக் காசு கொடுத்துக் கற்றேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில், எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீலை மாற்றி, எண்ணெய் நிரப்பி, கறுப்பு வண்ணம் பூசிக் கொடுத்தார்கள். புதியதைப் போலவே பளபளத்தது. இப்போது வழிந்துகொண்டிருப்பது அதுதான். பிஸ்டனோடு இணைந்து உள்ளும் வெளியும் ஓடும் தண்டின் குரோம் பூச்சில் கீறல் இருந்தால் எவ்வளவு நல்ல சீலையும் அது அறுத்துவிடும். உள்ளே தேய்ந்த வால்வை யாரும் திறந்து பார்ப்பதில்லை. இடமும் வலமும் ஒரே அளவு அடக்குகின்றனவா என்று அளந்து பார்க்கும் கருவியும் அங்கே இல்லை. ஈரச் சாலையில் வளைவில் பிரேக் பிடிக்கும்போது இந்த வேறுபாடு உயிரோடு விளையாடும். குழந்தைகளை ஏற்றும் வண்டிக்கு இது வேண்டவே வேண்டாம்.

ஆகவே உண்மையான போட்டி புதியவற்றுக்குள்தான்.

இரட்டைக் குழாய் வகையில் பிஸ்டன் உட்குழாயில் ஓடுகிறது. அதைச் சுற்றியுள்ள வெளிக்குழாயில் உபரி எண்ணெயும் அதன்மேல் காற்றும் இருக்கும். கரடுமுரடான சாலையில் தொடர்ந்து ஓடினால் காற்று எண்ணெயோடு கலந்து நுரைக்கும். நுரை பிஸ்டனைத் தடுக்காது. ஷாக் தற்காலிகமாக மயங்கிவிடும். காற்றுக்குப் பதிலாகக் குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜன் அடைத்த வகை இந்த நுரையைப் பெரிதும் குறைக்கிறது. ஒற்றைக் குழாய் வகை இன்னும் ஒரு படி மேலே போகிறது: மிதக்கும் பிஸ்டன் ஒன்று எண்ணெயையும் உயர் அழுத்த வாயுவையும் முற்றிலும் பிரித்துவிடுகிறது. ஒரே சுவர் என்பதால் வெப்பமும் விரைவில் வெளியேறும். பில்ஸ்டைன் நிறுவனத்தின் இந்த வகை ஷாக் 1957இல் மெர்சிடிஸ் கார்களில் தொடர் உற்பத்திக்கு வந்தது. இன்றும் மலைச்சாலைகளில் வேகமாக ஓட்டுபவர்கள் இதைத்தான் புகழ்கிறார்கள். புகழ்ச்சி நியாயமானதே.

ஆனாலும் எங்கள் வண்டிக்கு அதை வாங்கவில்லை. ஸ்கார்பியோவின் பின் ஷாக்குகள் அச்சுக்கு அருகே வெளிப்பட்டு நிற்கின்றன. சக்கரம் வாரியடிக்கும் கல் நேராக அவற்றின் மீது படலாம். இரட்டைக் குழாயில் வெளிச்சுவர் சற்று நெளிந்தாலும் உள்ளே பிஸ்டன் ஓடும். ஒற்றைக் குழாயிலோ நெளிந்த சுவரே பிஸ்டன் ஓடும் பாதை. ஒரு பள்ளம் விழுந்தாலே கதை முடிந்தது. விலையும் கணிசமாக அதிகம். இருவர் மட்டும் பயணம் செய்யும்போது சிறு மேடுகளையும் இருக்கை வரை கொண்டுவரும் இறுக்கம் அதற்கு உண்டு. நாள்தோறும் பாரம் ஏற்றிக் கரட்டுப் பாதையில் போகிறவர்கள் ஒற்றைக் குழாய் வாங்கட்டும். பள்ளிக்கூடம், கடைத்தெரு, ஆண்டுக்கு நான்கு மலைப் பயணம் என்றால், வண்டிக்குரிய அளவிலான நைட்ரஜன் இரட்டைக் குழாய் வகையே என் தேர்வு. மிச்சமாகும் பணத்தில் ஷாக்கின் முனைகளில் இருக்கும் ரப்பர் புஷ்களையும் போல்ட்டுகளையும் புதிதாக வாங்கலாம்.

வீட்டில் செய்வதா, பட்டறையா? முன்பக்கத்தில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகப் பூட்டியிருக்கும் வண்டிகளில் வீட்டில் கை வைக்க வேண்டாம். அமுக்கிய ஸ்பிரிங் விடுபட்டால் ஆளையே அடித்துவிடும். இங்கே பின்பக்கத்தில் இரண்டும் தனித்தனியாக இருப்பதால் வீட்டிலேயே செய்யலாம். ஓர் ஆபத்தை மட்டும் மறக்கக் கூடாது. பின்சக்கரங்களைத் தூக்கிவிட்டால் கைபிரேக் பயன்படாது, ஏனெனில் அது பின்சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. பின்சக்கர இயக்கம் என்பதால் கியரில் போட்டு வைப்பதும் வண்டியை நிறுத்தாது. முன்சக்கரங்களின் இருபுறமும் கட்டை வைத்து, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸுக்குக் கீழே ஜாக் ஸ்டாண்டுகளைக் கொடுத்த பிறகே உள்ளே போக வேண்டும். டயர் மாற்றும் ஜாக்கை மட்டும் நம்பிப் படுக்கக் கூடாது.

அச்சுக்கு அடியில் இன்னொரு ஜாக் வேண்டும். அச்சு அளவுக்கு மேல் தொங்காமல் பிடித்திருப்பது ஷாக்தான். அதைக் கழற்றியதும் அச்சு இறங்கினால் பிரேக் குழாய் இழுபடும், ஸ்பிரிங்கும் இடம் விட்டு நழுவலாம். அதனால் ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கம். துருப்பிடித்த நட்டுகளுக்கு முதல் நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் விட்டிருந்தேன். புதிய ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து நான்கைந்து முறை முழுதாக அழுத்தி இழுத்துவிட்டுப் பொருத்தினேன். படுத்த நிலையில் கடையில் கிடந்தபோது உட்குழாயில் புகுந்த வாயு அப்போது வெளியேறும். தண்டை ஒருபோதும் இடுக்கியால் பிடிக்கக் கூடாது.

புஷ் உள்ள போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்கியது, வண்டி தரையில் தன் பாரத்தோடு நின்ற பிறகு. தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

கழற்றிய இரண்டையும் திண்ணையில் நிறுத்தித் தண்டை அழுத்திப் பார்த்தேன். இடப்பக்கத்தது எந்த எதிர்ப்பும் இல்லாமல் உள்ளே போயிற்று. ஒரு சொட்டும் கசியாத வலப்பக்கத்தது பாதி தூரம் வரை அப்படியே போய், பிறகுதான் பிடித்தது.