வெட்சூட்டா, டிரைசூட்டா, வேடர்ஸா? குளிர்கடலில் கயாக் ஏறி மீன் பிடிப்பவர்களுக்கு

வெயில் இதமாக அடித்த ஒரு காலை. பருத்திச் சட்டை, அதன்மேல் மழைக்கோட்டு, லைஃப் ஜாக்கெட். அன்று நான் அணிந்திருந்தது இவ்வளவுதான். தூண்டிலில் சிக்கிய மீனை வலையில் அள்ள இடப்பக்கம் சாய்ந்தேன். அதே நேரம் வலப்பக்கம் அலை தூக்கியது. கடல்நீர் 12 டிகிரி. விழுந்த கணத்தில் என்னை அறியாமலே வாய் பிளந்து மூச்சு உள்ளே போயிற்று. அடுத்த மூச்சோடு உப்புநீரும் போயிற்று. கயாக் என்ற என் ஒடுங்கிய துடுப்புப் படகு கையெட்டும் தூரத்தில்தான் மிதந்தது. அதன்மேல் ஏற மூன்று முறை முயன்று, கடைசியில் கூட வந்த நண்பர் படகைப் பிடித்துக்கொண்டதால்தான் ஏறினேன். கரைக்கு வந்து லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியைக் கழற்ற முயன்றால் விரல் மடங்கவில்லை. அதையும் அவரே கழற்றிவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த பருவங்களில் வெட்சூட், டிரைசூட், வேடர்ஸ், டிரை டாப்போடு டிரை பேண்ட் என நான்கு வகை உடைகளையும் அணிந்து கடலில் இறங்கியிருக்கிறேன். வேண்டுமென்றே தண்ணீரில் குதித்தும் பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன்.

முதலில் குளிர்நீர் உடம்பை என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். ஆனால் ஆளைக் கொல்வது பெரும்பாலும் உடல் மெல்ல மெல்லக் குளிர்ந்துபோவது அல்ல. அதற்கு முன்பே வரும் மூச்சுத் திணறல்தான். கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தில் குளிர்நீரை ஆராய்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1–10–1 என்று நினைவில் வைக்கச் சொன்னார். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கை கால்கள் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்ப 1 மணி நேரம். ஒவ்வோர் உடலுக்கும் இது கொஞ்சம் மாறும். ஆனாலும் கயாக்காரருக்கு நடு எண்தான் முக்கியம். திரும்பப் படகில் ஏறுவது அந்தப் பத்து நிமிடத்துக்குள் நடந்தாக வேண்டும்.

இந்தத் திணறல் உச்சத்தை அடைய நீர் உறைநிலைக்கு அருகில் இருக்க வேண்டியதில்லை. 10 முதல் 15 டிகிரி போதும். கலிஃபோர்னியக் கரை, தென்னமெரிக்காவின் ஹம்போல்ட் நீரோட்டம், ஆப்பிரிக்காவின் பெங்குவேலா நீரோட்டம் போன்ற இடங்களில் ஆழத்துக் குளிர்நீர் மேலெழும்பி வருவதால் கரையில் வெயில் கொளுத்தும்போதும் கடல் அப்படித்தான் இருக்கும். அதனால் உடையைத் தேர்ந்தெடுக்கும்போது வானத்தைப் பார்க்காதீர்கள், நீரின் வெப்பநிலையைப் பாருங்கள். 21 டிகிரிக்குக் கீழே போனாலே கவனம் வேண்டும்.

இனி ஒவ்வோர் உடையையும் இரண்டு கேள்விகளால் அளக்கிறேன். தண்ணீரில் விழுந்த பத்து நிமிடத்தில் அது எனக்கு என்ன செய்யும்? விழாமல் உட்கார்ந்திருக்கும் ஐந்து மணி நேரமும் அதைக் கழற்றாமல் இருக்க முடியுமா? இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. புழுக்கம் தாங்காமல் இடுப்புவரை உரித்து விட்டிருக்கும் விலையுயர்ந்த உடையால் ஒரு பயனும் இல்லை.

வெட்சூட்

நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பரால் ஆனது. உடலுக்கும் துணிக்கும் இடையே புகும் நீர் சூடாகி நம்மைக் காக்கிறது என்று பலர் சொல்வார்கள். உண்மையில் காப்பது ரப்பருக்குள் சிறைப்பட்டிருக்கும் நுண்ணிய வாயுக் குமிழிகள். 1950களின் தொடக்கத்தில் இந்த உடையை உருவாக்கிய இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் கண்டுகொண்டதும் இதையே. உள்ளே புகும் நீர் குறைவாகவும் அசையாமலும் இருக்க வேண்டும். தொளதொள என்று இருக்கும் வெட்சூட்டில் ஒவ்வொரு அசைவுக்கும் குளிர்நீர் மாறி மாறி ஓடும். அதற்குள் எவ்வளவு தடித்த ரப்பர் இருந்தும் வீண். ஆகவே அளவு சரியாக இருப்பதே முதல் தகுதி, தடிமன் அதற்கடுத்து.

துடுப்பு வலிப்பவர்களுக்கு ஏற்றது ‘ஃபார்மர் ஜான்’ என்ற கையில்லாத வகை. பெரும்பாலும் 3 மில்லிமீட்டர் தடிமனில் வருகிறது. தோள் கட்டுண்டு போவதில்லை. முழுக்கை வெட்சூட்டை அணிந்து நாள் முழுக்கத் துடுப்பு வலித்தால், ஒவ்வொரு வீச்சிலும் ரப்பரை இழுத்து இழுத்துத் தோள் ஓய்ந்துவிடும், அக்குளும் உராய்ந்து புண்ணாகும்.

இதன் பெரிய பலம் முரட்டுத்தனம். தூண்டில் முள் குத்தினாலும், மீனின் முதுகுமுள் கிழித்தாலும், கத்தி நழுவினாலும் உடை தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். ஓட்டை விழுந்த வெட்சூட்டும் வெட்சூட்தான். ரப்பர் தானாகவே மிதக்கும். விலையும் கைக்கு எட்டும்.

பலவீனம் தெரிவது உட்கார்ந்திருக்கும்போது. கரையிலிருந்து அலை தாண்டிப் போகையில் நனைந்துவிடுகிறோம். மேல்திறந்த கயாக்கில் வடிகால் துளைகள் வழியாக ஏறும் நீரிலேயே இருக்கை கிடக்கும். பிறகு நங்கூரம் போட்டுவிட்டு அசையாமல் தூண்டிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். காற்று வீச, ஈரம் ஆவியாகி உடம்புச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் போகும். விரைவாகத் துடுப்பு வலித்துக்கொண்டே போகிறவருக்கு இது தெரியாது. மீனுக்குக் காத்திருப்பவருக்கு இரண்டாவது மணி நேரத்தில் பல் கிட்டும். மேலே காற்றுப் புகாத ஜாக்கெட் ஒன்றைப் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

டிரைசூட்

கழுத்திலும் மணிக்கட்டிலும் லேட்டக்ஸ் என்ற மெல்லிய ரப்பரால் ஆன பட்டைகள், நீர் புகாத ஜிப், பாதத்தோடு ஒட்டிய துணிக் காலுறை. உள்ளே ஒரு சொட்டும் வராது. நல்லவை நீரைத் தடுத்து வியர்வை ஆவியை வெளியேவிடும் மூன்றடுக்குத் துணியால் ஆனவை.

இங்கே ஒரு தவறான நம்பிக்கை உண்டு: டிரைசூட் சூடாக வைத்திருக்கும் என்பது. வைக்காது. அது வெறும் பை. சூட்டைக் காப்பது உள்ளே அணியும் கம்பளியோ, ஃபிளீஸ் என்ற பஞ்சுபோன்ற பாலியெஸ்டர் துணியோதான். மெல்லிய டீ-ஷர்ட்டின்மேல் டிரைசூட் போட்டு 10 டிகிரி நீரில் விழுந்தால் நனையாமலே நடுங்குவீர்கள். அதே உடைக்குள் இரண்டு அடுக்கு ஃபிளீஸ் இருந்தால் நிலைமை வேறு. நான் அப்படி அணிந்து 9 டிகிரி நீரில் இறங்கியபோது முகத்திலும் கையிலும் மட்டுமே குளிர் அறைந்தது. மூச்சு தடுமாறியது, ஆனால் என் பிடியில் இருந்தது. முதல் முயற்சியிலேயே கயாக்கில் ஏறினேன். வெட்சூட்டின் தடிமனை மாற்ற முடியாது. இதில் உள்ளடுக்கை நாளுக்கேற்ப மாற்றலாம்.

குறைகளும் உண்டு. விலை வெட்சூட்டைப்போலப் பல மடங்கு. வெயில் ஏறினால் வேகும்; கையை நீரில் முக்கியும், தொப்பியை நனைத்து அணிந்தும் சமாளிக்கலாம். துணி மூச்சுவிடும் என்பதும் ஓரளவுதான். லைஃப் ஜாக்கெட்டுக்கு அடியிலும் இருக்கையில் அழுந்தும் இடத்திலும் வியர்வைக்குப் போக வழியில்லை. உப்பு படிந்தால் நுண்துளைகள் அடைபடும்; ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும்.

லேட்டக்ஸ் பட்டைதான் உண்மையான பலவீனம். சூரிய ஒளி, எண்ணெய்ப் பசை, சன்ஸ்கிரீன், கொசு விரட்டி எல்லாம் அதை அரிக்கும். அணியும்போது நகமோ மோதிரமோ கைக்கடிகாரமோ பட்டுக் கிழிந்தால் அன்றைய பயணம் அதோடு முடிந்தது. கழுத்தை நெரிப்பதுபோல் இருக்கிறது என்று சிலர் நியோப்ரீன் கழுத்துள்ள ‘செமி டிரை’ வகைக்குப் போகிறார்கள். கழுத்துக்கு அது சுகம். நீரில் நீண்ட நேரம் இருந்தால் கொஞ்சம் கசியும். படகில் நாள் முழுக்க உட்காருபவருக்கு இது மோசமான பேரமல்ல. கழுத்து வலிக்கிறது என்று லேட்டக்ஸை விரலால் விரித்தபடி உட்கார்ந்திருப்பதைவிட இது மேல்.

மீனவருக்கென்றே உள்ள கவலை, தூண்டில் முள். டிரைசூட்டில் முள் குத்தினால் என்ன ஆகும்? நினைப்பதைவிடக் குறைவாகவே ஆகும். ஊசித்துளையால் தொடையில் உள்ளங்கையளவு ஈரம் தெரியும், அவ்வளவே. ஆபத்து நீண்ட கிழிசலில்தான் இருக்கிறது. ஊசித்துளையைக் கண்ணால் தேடினால் கிடைக்காது. உடையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, சந்தேகப்படும் காலில் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பிடித்துக் காத்திருங்கள். ஒரு நிமிடத்தில் துணியின் மேல் வியர்வை முத்துபோல் ஒரு துளி திரளும். துடைத்தால் அதே இடத்தில் மீண்டும் திரளும். பேனாவால் வட்டம் போட்டு, காய்ந்தபின் பசை தடவினால் ஒரே இரவில் சரியாகிவிடும்.

சிறுநீர் கழிக்க முன்புறம் தனி ஜிப் வைத்தவற்றையே வாங்குங்கள். பெண்களுக்குப் பின்புறம் திறக்கும் வகைகள் உண்டு. இதைச் சொல்லக் கூச்சப்பட ஒன்றுமில்லை. அந்த வசதி இல்லாததால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் கடலில் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது உடலுக்கு நல்லதல்ல.

வேடர்ஸ்

மார்புவரை ஏறும் நீர்புகாக் கால்சட்டை. ஆற்றங்கரைத் தூண்டில்காரர்களிடமிருந்து கயாக்குக்கு வந்தது. அணிவது எளிது, கழற்றுவது எளிது, கால் உலர்ந்தே இருக்கும், விலை குறைவு. ஐந்து மணி நேரக் கேள்விக்கு இதைவிட வசதியான விடை இல்லை. அதனால்தான் இத்தனை பேர் அணிகிறார்கள்.

வேடர்ஸில் தண்ணீர் புகுந்தால் அடியாழத்துக்கு இழுத்துவிடும் என்ற அச்சம் தவறு. நீருக்குள் இருக்கும் நீருக்கு எடை தெரியாது. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. படகின்மேல் ஏறும்போது அந்த நீரையும் சேர்த்துத் தூக்க வேண்டும், லிட்டருக்கு ஒரு கிலோ வீதம். விரல் விரைத்து, மூச்சு முட்டி, கால் இரண்டும் நிறைகுடமாகக் கனக்கும்போது எத்தனை பேரால் ஏற முடியும்? கூடவே உள்ளே வந்த குளிர்நீர் உள்ளாடையை நனைத்துவிட்டது. இடைவாரை இறுக்கி, மேலே கழுத்தும் மணிக்கட்டும் அடைக்கப்பட்ட டிரை டாப் என்ற நீர்புகா மேலுடை ஒன்றை இறக்கி அணிந்தால் நீர் புகும் வேகம் குறையும், நிற்காது. இளவெப்பமான நீரில், கரையோரம், துணையோடு போகிறவர் அப்படி அணியலாம். 15 டிகிரிக்குக் கீழே திறந்த கடலுக்கு வேடர்ஸ் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ‘இதுவரை ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்பவர்கள் இன்னும் விழவில்லை என்பதைத்தான் சொல்கிறார்கள்.

டிரை டாப்பும் டிரை பேண்ட்டும்

இரண்டையும் இடுப்பில் ஒன்றோடொன்று சேர்த்துச் சுருட்டி அடைக்கும் முறை இது. சட்டென்று விழுந்து சட்டென்று ஏறினால் நனையமாட்டீர்கள். பத்து நிமிடம் நீந்தினால் இடுப்பு வழியாகக் கசியும். மேற்பாதியைத் தனியாகக் கழற்றலாம் என்பதே இதன் கவர்ச்சி, கடலில் அதுவே இதன் ஆபத்தும். ஆனால் ஃபார்மர் ஜானின்மேல் டிரை டாப் அணிவது நல்ல சேர்க்கை: காற்றுக் குளிர் போயிற்று, தோள் சுதந்திரமாக இருக்கிறது, நீர் கசிந்தாலும் அடியில் நியோப்ரீன் இருக்கிறது.

எதை வாங்குவது?

நீர் 15 டிகிரிக்குக் கீழே என்றால் டிரைசூட். தனியாகப் போகிறவருக்கும், கரையிலிருந்து தொலைவு போகிறவருக்கும் இதில் யோசிக்கவே இடமில்லை. புதிய தூண்டில் கோல், மீன் தேடும் கருவி எல்லாவற்றையும் ஒரு பருவம் தள்ளிப்போட்டாவது முதலில் இதை வாங்குங்கள். 15 முதல் 20 வரை ஃபார்மர் ஜானும் டிரை டாப்பும் போதும்; பணம் குறைவாக உள்ளவருக்கு நான் முதலில் சொல்வதும் இதுதான், அதோடு இன்னும் குளிரான மாதங்களில் கரையிலேயே இருங்கள் என்பதும். நன்றாகப் பொருந்தும் வெட்சூட், அளவு பொருந்தாத டிரைசூட்டைவிட நம்பகமானது.

எதை அணிந்தாலும் அதன்மேல் லைஃப் ஜாக்கெட், அதன் பையில் வாக்கி-டாக்கி. படகில் கட்டிவைத்த வாக்கி-டாக்கி படகோடு போய்விடும். தலைக்கு நியோப்ரீன் தொப்பி. கைக்கு முழு உறை போட்டால் முடிச்சுப் போட முடியாது. விரல்நுனி திறந்த உறையையே நான் அணிகிறேன், கூடவே தடித்த ஜோடி ஒன்று பையில். உடையின் நிறம் ஆரஞ்சோ மஞ்சளோ இருக்கட்டும். கடல் நிறத்திலும் சாம்பல் நிறத்திலும் அழகான உடைகள் விற்கிறார்கள். அலைகளுக்கு நடுவே அந்தத் தலை யார் கண்ணிலும் படாது.

புது உடையை முதலில் கரையோரம், இடுப்பளவு நீரில், துணை ஒருவர் நிற்கச் சோதித்துப் பாருங்கள். டிரைசூட் என்றால் இறங்கும் முன் குந்தி உட்கார்ந்து, கழுத்துப் பட்டையை விரலால் லேசாக விலக்கி, உள்ளே நிற்கும் காற்றைப் பிதுக்கி வெளியேற்றுங்கள். இல்லாவிட்டால் கால் பலூன்போல மிதந்து உதைக்க விடாது. பிறகு கயாக்கைக் கவிழ்த்து, நிமிர்த்தி, ஏறுங்கள். மூன்று முறை.

என் நண்பர் தம் டிரைசூட்டை முதன்முதலில் அப்படிச் சோதித்த நாளில், தண்ணீருக்குள் இறங்கிய மறுகணமே துள்ளி வெளியே வந்தார். முன்புற ஜிப் இரண்டு அங்குலம் திறந்திருந்தது. முழங்கால்வரை நீர் நிறைந்துவிட்டது. கரையில் உடையைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்துத் தண்ணீரைக் கொட்டி முடிக்க அவருக்குக் கால் மணி நேரம் பிடித்தது. அன்றிலிருந்து கயாக்கைத் தள்ளும் முன் நாங்கள் இருவரும் ஒருவர் ஜிப்பை ஒருவர் கடைசிப் பல்வரை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறோம்.