பேட்டரி சென்சார் நோடு கட்ட எந்த ரேடியோ: லோரா, ஜிக்பீ, இஎஸ்பி-நௌ, என்ஆர்எஃப்24

தோப்பில் மண் ஈரம், மாடித் தொட்டியில் நீர்மட்டம், கோழிப்பண்ணையில் வெப்பநிலை என்று எதை அளப்பதானாலும் ஒரு நோடில், அதாவது அளந்து ரேடியோவில் செய்தி அனுப்பும் சிறு கருவியில், இருக்கப்போவது சென்சார், மைக்ரோகன்ட்ரோலர், ரேடியோ, பேட்டரி இவ்வளவுதான். இதில் ஆட்கள் அதிகம் குழம்புவது ரேடியோவில். டேட்டாஷீட்டில் 'தூக்கத்தில் 0.2 மைக்ரோ ஆம்பியர்' என்று ஒரு வரியைப் பார்த்ததும் மனசு அங்கேயே நின்றுவிடும். ஆனால் தூங்கும்போது இன்றைய சிப்புகள் எல்லாமே சாதுதான். நான் பார்ப்பது வேறு இரண்டு விஷயங்களை. ஒரு அளவீட்டை அனுப்ப நோடு எவ்வளவு நேரம் விழித்திருக்கிறது? நோடுகள் ஐந்து ஐம்பதாகும்போது, யாராவது ஒருவர் இரவுபகல் விழித்தே இருக்க வேண்டுமா?

கணக்குக்காக, 10 நிமிடத்துக்கு ஒரு அளவீடு, அதாவது நாளுக்கு 144 செய்தி என்று வைத்துக்கொள்வோம். பேட்டரி 2500 மில்லி ஆம்பியர்-மணி. ஒரு நல்ல 18650 செல்லோ, ஒரு ஜோடி ஏஏ அல்கலைனோ கிட்டத்தட்ட இந்த அளவில் இருக்கும்.

ரேடியோவுக்கு முன்னால் போர்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கடையில் கிடைக்கும் மலிவான போர்டுகள் பலவற்றில் ஏஎம்எஸ்1117 என்ற ரெகுலேட்டர் (வோல்டேஜைச் சிப்புக்குத் தேவையான அளவில் நிறுத்தும் பாகம்) உட்கார்ந்திருக்கும். எதுவுமே நடக்காதபோதும் அது தனக்கென்று சுமார் 5 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். 2500-ஐ 5-ஆல் வகுத்தால் 500 மணி நேரம், அதாவது 20 நாள். மேலே எந்த ரேடியோவை வைத்தாலும் அதே 20 நாள்தான். எம்சிபி1700 போன்ற ரெகுலேட்டர் இதே வேலையை 2 மைக்ரோ ஆம்பியருக்குள் முடித்துவிடும். பவர் எல்இடியையும் பிடுங்கிவிடுங்கள். இதைச் செய்யாதவருக்குக் கீழே உள்ள ஒப்பீடு எதற்கும் உதவாது.

என்ஆர்எஃப்24: கஞ்சன், ஆனால் கைக்கெட்டும் தூரம்தான்

ஏடிமெகா328பி என்ற மைக்ரோகன்ட்ரோலரோடு என்ஆர்எஃப்24எல்01+ சேர்ந்தால், நேரம் வந்ததும் சிப்பை எழுப்பும் வாட்ச்டாக் டைமர் ஓடும்போதும் தூக்கத்தில் மொத்தம் 6 மைக்ரோ ஆம்பியர் அளவில் நிறுத்தலாம். அனுப்பும்போது ரேடியோ எடுப்பது 11 மில்லி ஆம்பியர், அதுவும் சில மில்லி நொடிகள் மட்டுமே. நாளுக்கு 0.15 மில்லி ஆம்பியர்-மணிதான் செலவு. காகிதத்தில் 40 வருஷத்துக்கு மேல் வரும், அதற்குள் பேட்டரியே கெட்டுப்போயிருக்கும். ரேடியோ 1.9 வோல்ட் வரை ஓடும் என்பதால் இரண்டு ஏஏ செல்லை ரெகுலேட்டர் இல்லாமல் நேரடியாகவே கொடுக்கலாம். 8 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஏடிமெகாவுக்கு மட்டும் 2.4 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிக்கல் 2.4 கிகாஹெர்ட்ஸ். இரண்டு கான்கிரீட் சுவர் குறுக்கே வந்தால் சிக்னல் சோர்ந்துவிடும். ஒரு பாக்கெட்டில் 32 பைட், ஒரு ரிசீவருக்கு 6 பைப், அதாவது கேட்கும் முகவரிகள். இதைப் பார்த்து ஆறு நோடுதான் முடியும் என்று நினைப்பவர்கள் உண்டு. செய்திக்குள் நோடு எண்ணைச் சேர்த்துவிட்டால் ஒரே பைப்பில் பல நோடுகள் பேசலாம். தூரம் போதவில்லை என்று மரம்போலக் கிளைவிட்டு விரிக்கவும் மென்பொருள் நூலகங்கள் இருக்கின்றன. ஆனால் நடுவில் நிற்கும் நோடு எப்போதும் காதைத் திறந்து வைத்திருக்க வேண்டும், அதற்கு 13 மில்லி ஆம்பியர் போகும். கஞ்சத்தனம் அங்கேயே காலி. மாட்யூலின் மின்சாரக் கால்களுக்குப் பக்கத்தில் 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைச் சாலிடர் செய்துவிடுங்கள். 'வேலை செய்யவில்லை' என்ற புகார்களில் பெரும்பகுதி அதோடு தீரும்.

இஎஸ்பி32-சி3: வைஃபை வேண்டாம், இஎஸ்பி-நௌ போதும்

வைஃபை ரேடியோ உள்ளேயே இருக்கும் இந்த மைக்ரோகன்ட்ரோலருக்கு, டீப் ஸ்லீப் என்ற ஆழ்ந்த தூக்கத்தில் 5 மைக்ரோ ஆம்பியர் என்பது நல்ல எண்தான். ஆனால் வைஃபையில் சேர்ந்து, ஐபி முகவரி வாங்கி, செய்தி அனுப்பி முடிக்க இரண்டு மூன்று நொடி ஆகும். சராசரி 100 மில்லி ஆம்பியர் என்றால் நாளுக்குச் சுமார் 10 மில்லி ஆம்பியர்-மணி, எட்டு மாதத்தில் பேட்டரி காலி. அதே சிப்பை, ரவுட்டர் இல்லாமல் இஎஸ்பிக்கு இஎஸ்பி நேராகச் செய்தி அனுப்பும் இஎஸ்பி-நௌவில் பேசவிட்டால் யாரோடும் இணைய வேண்டியதில்லை. எழுந்து, அனுப்பி, தூங்குவதற்குக் கால் நொடி போதும். செலவு நாளுக்கு 1 மில்லி ஆம்பியர்-மணிக்கும் கீழே இறங்கிவிடும். சிப்பும் பேட்டரியும் அப்படியே இருக்க, விழித்திருக்கும் நேரம் சுருங்கியதற்கே இவ்வளவு வித்தியாசம்.

இங்கே ஒரு வம்பும் உண்டு. அனுப்பும் கணத்தில் இந்தச் சிப் 300 மில்லி ஆம்பியரைத் தாண்டும். மேலே புகழ்ந்த எம்சிபி1700 தருவது 250தான், நோடு காரணமில்லாமல் ரீசெட் ஆவதுபோலத் தெரியும். 3.2 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லை நேரடியாகக் கொடுத்து ரெகுலேட்டரையே தவிர்ப்பது எனக்குப் பிடித்த வழி.

நெட்வொர்க்கைப் பெருக்கும்போது வேறொன்று கடிக்கும். கேட்வே, அதாவது எல்லா நோடின் செய்தியையும் வாங்கும் மைய இஎஸ்பி, உங்கள் வீட்டு வைஃபையிலும் இணைந்திருந்தால், இஎஸ்பி-நௌவும் அதே சேனலில்தான் ஓடியாக வேண்டும். ரவுட்டர் தானாகச் சேனல் மாற்றிய அன்று எல்லா நோடும் ஒன்றாக மௌனமாகிவிடும். ரவுட்டரில் சேனலைப் பூட்டிவிடுங்கள். இன்னும் நல்லது, கேட்வேயில் இரண்டு இஎஸ்பி வைத்து நடுவே சீரியல் ஒயரால் இணைப்பது.

லோரா: தூரம் கொடுக்கும், காற்று நேரம் கேட்கும்

தோப்பு, வயல், ஏரிக்கரை என்றால் லோராவுக்கு நிகர் இந்தப் பட்டியலில் இல்லை. இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். 868 என்று விற்கும் மாட்யூலை வாங்கி அலைவரிசையை இதற்குள் வைத்துக்கொள்ள வேண்டும். 915 என்று எழுதியது அமெரிக்காவுக்கானது. அதன் அலைவரிசையில் கொஞ்சம் இங்கே மொபைல் போன்கள் டவருக்குப் பேசும் இடம், வாங்காதீர்கள்.

லோராவின் விலை ஸ்ப்ரெடிங் ஃபேக்டர் (எஸ்எஃப்) என்ற ஒரு எண்ணில் ஒளிந்திருக்கிறது: அது ஏற ஏறத் தூரம் கூடும், அனுப்பும் நேரமும் நீளும். 10 பைட் அளவீட்டை லோராவான் முறையில் (பல நோடுகளைக் கேட்வே வழியாகச் சேர்க்க லோராவின் மேல் கட்டிய நெட்வொர்க் முறை) எஸ்எஃப்7-இல் அனுப்ப சுமார் 62 மில்லி நொடி ஆகும். எஸ்எஃப்12-இல் அதே 10 பைட்டுக்கு 1.48 நொடி. அனுப்பும்போது 40 மில்லி ஆம்பியர் என்று கொண்டால், முதலாவதுக்கு நாளுக்கு 0.1 மில்லி ஆம்பியர்-மணி, இரண்டாவதுக்கு 2.4. பின்னதிலும் பேட்டரி மூன்று வருஷத்தை நெருங்கும். பேட்டரியைவிடப் பெரிய பிரச்சினை காற்று நேரம், அதாவது எல்லா நோடும் பங்கிட வேண்டிய அலைவரிசையை ஒரு நோடு பிடித்து வைக்கும் நேரம். எஸ்எஃப்12-இல் 144 செய்தி என்றால் ஒரே நோடு நாளுக்கு 213 நொடி பேசுகிறது. 'தி திங்ஸ் நெட்வொர்க்' பொதுச் சேவை ஒரு நோடுக்கு அனுமதிப்பது நாளுக்கு 30 நொடி, அதாவது சுமார் 20 செய்தி. ஐம்பது நோடும் எஸ்எஃப்12-இல் கத்தினால் ஒன்றின் மேல் ஒன்று மோதி எதுவும் கேட்காது.

ஆகவே சிக்னல் எட்டவில்லை என்றதும் எஸ்எஃப்பை ஏற்றுவது சோம்பேறித் தீர்வு. கேட்வே ஆன்டெனாவை மாடித் தொட்டி உயரத்துக்குத் தூக்கினால் பல நோடுகள் தாமாகவே எஸ்எஃப்7, 8-க்கு இறங்கிவிடும். ஒவ்வொரு செய்திக்கும் 'வந்து சேர்ந்தது' என்று பதில் கேட்பதையும் விடுங்கள், பதில் அனுப்பும் நேரத்தில் கேட்வேக்கு மற்றவர் குரல் கேட்காது.

ஒரு சேனல் மட்டும் கேட்கும் மலிவு கேட்வே லோராவானுக்குச் சரிப்படாது, எட்டுச் சேனல் உள்ளதை வாங்க வேண்டும். ஐந்தாறு நோடுதான், எல்லாம் உங்களுடையதே என்றால் லோராவான் வேண்டாம், வெறும் லோராவிலேயே ஒன்றுக்கொன்று பேசவிடலாம். இரண்டிலும் நோடுகள் தூங்கலாம், விழித்திருப்பது மின்இணைப்பில் இருக்கும் கேட்வே மட்டும். பெருக்க நினைத்தால் இந்த அமைப்புதான் நிம்மதி.

ஜிக்பீ, திரெட்: மெஷ் என்ற மயக்கம்

இரண்டுமே 802.15.4 என்ற குறைந்த மின்சார ரேடியோ தரத்தில் ஓடுபவைதான். என்ஆர்எஃப்52840 சிப்பில் கேட்பதற்கு 5 மில்லி ஆம்பியர் அளவில் போதும், முனை நோடாகத் தூங்கும்போது சில மைக்ரோ ஆம்பியர். மெஷ் முறையில் நோடு நோடாகத் தாவிச் செய்தி போகும் என்பது கேட்க அருமை. ஆனால் தாவ இடம் கொடுக்கும் ரவுட்டர் தூங்க முடியாது. 5 மில்லி ஆம்பியர், 24 மணி நேரம்: மறுபடியும் அந்த ஏஎம்எஸ்1117-இன் 20 நாள் கணக்கு. எனவே ரவுட்டருக்குப் பிளக் பாயின்ட் வேண்டும், இல்லையென்றால் சோலார். தோப்பு நடுவில் பிளக் பாயின்டுக்கு எங்கே போவது?

இது புதிய பாடம் அல்ல. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள கிரேட் டக் தீவில், பறவை வளைகளைக் கண்காணிக்க 2003-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தினர் 150 கருவிகளை இறக்கினார்கள். நேரடியாகக் கேட்வேயோடு பேசிய வலையின் ஆயுளை அவர்களால் சரியாகக் கணிக்க முடிந்தது. தாவிச் செல்லும் வலையில் கணக்கு தவறியது, பக்கத்து நோடுகளின் பேச்சை ஒட்டுக்கேட்பதில் போகும் மின்சாரத்தைக் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள்.

வீட்டுக்குள் ஜிக்பீ ஜொலிக்கும். ஸ்மார்ட் பிளக்குகளே ரவுட்டராக நின்றுவிடும், ரெடிமேட் சென்சார்களையும் சேர்த்துக்கொள்ளலாம். பல்பை மட்டும் ரவுட்டராக நம்ப வேண்டாம். வீட்டில் யாராவது சுவர் சுவிட்சை அணைத்தால், அதன் கீழிருந்த சென்சார்கள் அனாதையாகிவிடும்.

சென்சார் சேர்க்கும்போது

வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் அளக்கும் பிஎம்இ280 தூங்கும்போது 0.1 மைக்ரோ ஆம்பியர் எடுக்கும், கவலையில்லை. கெபாசிடிவ் மண் ஈர சென்சார் சும்மா இருந்தாலே சில மில்லி ஆம்பியர் குடிக்கும். அதன் மின்சாரத்தை சுவிட்ச்போல வேலை செய்யும் ஒரு மாஸ்ஃபெட் வழியாகக் கொடுத்து, அளக்கும்போது மட்டும் திறந்தால் போதும். பிஎம்இ280-க்கு இரண்டே முகவரிகள், பல சென்சார்கள் முகவரியால் பிரிந்து பேசும் ஒரே ஐ2சி ஒயரில் மூன்றாவதை மாட்ட, ஒயரைக் கிளை பிரிக்கும் மல்டிபிளெக்சர் வேண்டும்.

என் தேர்வு

வெளியில், ஒரு ஏக்கரைத் தாண்டினால் லோரா, யோசிக்கவே மாட்டேன். ஒரே வீட்டுக்குள் பத்து இருபது நோடு என்றால் இஎஸ்பி-நௌ, முக்கியமாக இரவு பத்து மணிக்குக் கோளாறு வந்தாலும் உதவிக்கு ஆள் கிடைக்கும் என்பதால். சென்சாரைக் கடையில் வாங்கப்போகிறவர் ஜிக்பீக்கே போகட்டும். என்ஆர்எஃப்24-ஐப் புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்லமாட்டேன், பெட்டியில் ஏற்கெனவே கிடந்தால் ஒரு அறைக்குள் தாராளமாகப் போடலாம். இரண்டு வகையும் தேவைப்பட்டால் கலப்பதில் தயக்கம் வேண்டாம். தோப்பு லோரா கேட்வேயும் வீட்டு இஎஸ்பி கேட்வேயும் ஒரே ராஸ்பெர்ரி பை சிறு கணினியில், எம்க்யூடிடி என்ற செய்திப் பரிமாற்ற முறை வழியாகச் சேரட்டும். செய்தியில் நோடு எண், பேட்டரி வோல்டேஜ், அளவீடு என்ற வரிசையை இரண்டிலும் ஒன்றாகவே வைத்துவிட்டால், பிறகு ரேடியோவை மாற்றினாலும் இந்தப் பக்கம் ஒரு வரியும் திருத்த வேண்டியிருக்காது.