பண்ணைவீட்டு வாசலா, இரவுப் பேருந்தா? ஐஸ்லாந்தில் துருவ ஒளி காண எது ஏற்றது

ஐஸ்லாந்தில் துருவ ஒளியைக் காண விரும்புவோருக்கு இரண்டு வழிகள் முதன்மையானவை. தலைநகர் ரெய்க்யாவிக்கில் தங்கி இரவுப் பேருந்தில் போய்வருவது ஒன்று. அங்கிருந்து ஏறக்குறைய 95 கிலோமீட்டர் தொலைவில், ஹெல்லா ஊரைச் சுற்றியுள்ள சமவெளியில் ஒரு பண்ணைவீட்டில் தங்கி வாசலிலிருந்தே பார்ப்பது மற்றொன்று. மூன்று இரவுகளாவது கையில் இருப்பவர் பண்ணையையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முடுக்கப்பட்ட எலெக்ட்ரான்கள் சுமார் 100 முதல் 150 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் அணுக்களோடு மோதும்போது பச்சை ஒளி பிறக்கிறது. அம்மோதல் நிகழும் வளையம் பெரும்பாலும் ஐஸ்லாந்தின் மேலேயே அமைவதால், புவிக்காந்தக் கொந்தளிப்பை 0 முதல் 9 வரை அளவிடும் கேபி எண் 2 என்றாலும் காண வாய்ப்புண்டு. உண்மையான தடை மேகம்தான். நாட்டின் வானிலை மையம் வெளியிடும் வரைபடத்தில் பச்சை நிறம் மேகத்தையும் வெள்ளை நிறம் தெளிந்த வானத்தையும் குறிக்கின்றன என்பதை நினைவில் கொள்வது அவசியம். பச்சையைக் கண்டு மகிழ்ந்துவிடக் கூடாது.

மேகத்தை விட்டு விலகிச் செல்ல முடிவதே பேருந்தின் பெரும்பலம். வழியறிந்த ஓட்டுநர் பனி உறைந்த சாலையைப் பார்த்துக்கொள்கிறார். ஒளி தென்படாவிட்டால் பல நிறுவனங்கள் இன்னோர் இரவு கட்டணமின்றி அழைத்துச் செல்கின்றன. ஆனால் நின்ற இடத்தில் முகப்பு விளக்குகளும் கைபேசித் திரைகளும் ஓய்வதில்லை. இருளுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் எடுக்கும் கண்ணுக்கு அந்த அவகாசமே கிடைப்பதில்லை.

பண்ணையின் சிறப்பு காத்திருக்க முடிவதில் இருக்கிறது. துருவ ஒளி இரவு முழுவதும் ஒரே சீராக எரிவதன்று. மணிக்கணக்கில் அடங்கிக் கிடந்து, நள்ளிரவையொட்டிச் சில நிமிடங்கள் பொங்கிவிட்டுத் தணிந்துவிடும். தொடக்கத்தில் அது வடதிசையில் சாம்பல்நிறப் பட்டையாக, மெல்லிய மேகமென்றே தோன்றும். அதனூடே விண்மீன்கள் தெரிந்தால் மேகமன்று என்று அறியலாம். குளிர்காலத்திலும் வெளியிலேயே நிற்கும் அடர்மயிர்க் குதிரைகள் வேலியோரம் இருக்க, அந்தப் பட்டை மெல்லப் பச்சையேறி மடிப்பு மடிப்பாக அசையத் தொடங்குவதை முதலிலிருந்து பார்க்கும் பேறு, குறித்த நேரத்தில் ஊர் திரும்பவேண்டிய பேருந்துப் பயணிக்கு அரிது. இடையே குளிர் தாங்காவிட்டால் வீட்டுக்குள் போய்க் குளிர்காய்ந்துவிட்டு வரலாம்.

எனினும் எல்லாப் பண்ணைகளும் ஒன்றல்ல. எய்யாஃபியாட்லயோகுட்ல் எரிமலையின் தென் அடிவாரப் பண்ணைகளில் செங்குத்தான மலைச்சுவர் வடவானத்தை மறைக்கிறது. ஃப்ளூதிர் போன்ற ஊர்களின் பசுமைக்குடில்களில் காய்கறிகளுக்காக இரவிலும் விளக்கெரிவதால் வானம் செம்மஞ்சளாகிவிடுகிறது. ஆகவே முன்பதிவின்போதே வடக்கு திறந்திருக்கிறதா, முற்றத்து விளக்கை அணைப்பார்களா, ஒளி தோன்றினால் எழுப்புவார்களா என்று கேட்டுவிட வேண்டும்.

மேகத்துக்கு மிகவும் அஞ்சுபவர் சுவீடனின் அபிஸ்கோவை எண்ணிப் பார்க்கலாம். மலைகளின் மழைமறைவில் இருப்பதால் அங்கு வானம் அடிக்கடி தெளிந்திருக்கும், ஆனால் குளிர் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே இறங்கக்கூடும். ஐஸ்லாந்தில் ஒரே ஓர் இரவு மட்டுமே தங்குபவருக்குப் பேருந்தே பொருத்தம், மறுபயணச் சலுகை அவருக்குப் பயன்படாது என்றாலும்.