நிரந்தர மேக் முகவரியை மறைக்கும் கெர்னல் மாட்யூல்: 2021 முதல் ஓட்டிய அனுபவம்

மேக் முகவரி என்பது நெட்வொர்க் கார்டின் அடையாள எண். அதை மாற்ற லினக்ஸில் மாட்யூல் (கெர்னலில், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதியில், ஏற்றும் சிறு நிரல்) எதுவும் தேவையில்லை. ஐபி லிங்க் கட்டளை ஒரே வரியில் மாற்றிவிடும். இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜரில் அமைத்து வைத்தால் இணைப்புக்கு ஒன்றாகத் தானே போட்டுக்கொள்ளும். ரவுட்டருக்குப் புது முகவரி மட்டுமே தெரியும். நானும் அதை நம்பி நிம்மதியாக இருந்தேன்.

ஒருநாள் கார்டின் விவரங்களைக் காட்டும் எத்டூல் கட்டளையில் நிரந்தர முகவரியைக் கேட்டுப் பார்த்தேன். ரூட் (நிர்வாகி) அனுமதிகூட இல்லாமல் கார்டின் அசல் முகவரி அப்படியே வந்து நின்றது. கெர்னல் அதைத் தனியாகப் பிரதி எடுத்து வைத்திருக்கிறது. அப்படியானால் என் கணக்கில் ஓடும் எந்த மென்பொருளும் அதைப் படித்து என் கணினியை அடையாளம் வைத்துக்கொள்ளலாம். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் எழுதிய மாட்யூல் சிறியதுதான். கார்டு பதிவாகும் அறிவிப்பைப் பிடித்து, அந்தப் பிரதியின் மேல் வேறு 6 பைட்டுகளை எழுதும். நடப்பு முகவரியையும் மாற்றும். ஏற்கெனவே பதிவான கார்டுகளுக்கும் அறிவிப்பு மறுபடி வரும் என்பதால் எதுவும் விடுபடாது. யூஎஸ்பி கார்டைப் பிடுங்கிச் செருகினாலும் அப்படியே. முதல் பைட்டில் 'உள்ளூர் முகவரி' பிட்டைப் போட்டே வைத்தேன். பார்த்தாலே மாற்றியது என்று தெரியும்தான். ஆனாலும் வேறொரு கார்டின் உண்மையான முகவரியோடு மோதுவதைவிட அது மேல்.

வைஃபையில் ஒரு ஓட்டை இருந்ததைப் பல வாரம் கழித்தே கவனித்தேன். வயர்லெஸ் அடுக்கு தனக்கென இன்னொரு பிரதி வைத்திருக்கிறது. கெர்னல் தன் விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் அசல் முகவரி பளிச்சென்று தெரிந்தது. அதையும் மாற்ற வேண்டியிருந்தது. மேக் முகவரியோடு கட்டி வைத்திருந்த பழைய இணைப்புகளும் வேலை செய்யவில்லை. கார்டுக்கு லினக்ஸ் தரும் இடைமுகப் பெயரோடு கட்டியபின் சரியானது.

செக்யூர் பூட் (கையொப்பமில்லாத நிரலை ஏற்க மறுக்கும் பாதுகாப்பு) இருந்தால் மாட்யூலுக்குக் கையொப்பம் இட வேண்டும். ஒருமுறை சாவியைப் பதிந்துவிட்டால் புதுக் கெர்னல் வரும்போதெல்லாம் மாட்யூலை மறுபடி கம்பைல் செய்யும் டிகேஎம்எஸ் பார்த்துக்கொள்ளும். 2022இல் வந்த கெர்னல் 5.17தான் என்னைச் சோதித்தது. நடப்பு முகவரி இருக்கும் இடத்தை அதில் கான்ஸ்ட் (நேரடியாக எழுத முடியாதது) ஆக்கிவிட்டார்கள். நேரடியாக எழுதும் என் வரி கம்பைல் ஆகவில்லை, மாட்யூலும் ஏறவில்லை. எச்சரிக்கை எதுவும் கண்ணில் படாததால் நான்கு நாள் அசல் முகவரியோடே உலவியிருக்கிறேன். அந்த வரியை அதற்கென உள்ள ஃபங்ஷனுக்கு மாற்றினேன். மாட்யூல் ஏறாவிட்டால் நெட்வொர்க்கையே எழுப்பாத சிஸ்டம்டி சேவை (கணினி தொடங்கும்போது ஓடுவது) ஒன்றையும் சேர்த்தேன்.

ரூட் அனுமதி உள்ளவர் கார்டில் அசல் முகவரி பதிந்திருக்கும் ஈஈப்ராம் சிப்பைப் படிப்பதை இது தடுக்காது. ப்ளூடூத்தின் முகவரி தனி. அதை நான் இன்னும் தொடவில்லை.