பெருக்கல் கணக்கா, மொத்தத் தொகையா?

குன்னூரில் சம்பளமில்லாத குடும்பத் தலைவி தவறான சிகிச்சையால் இறந்தால், நஷ்டஈட்டைப் பெருக்கல் முறையில், அதாவது ஆண்டு வருமானத்தை வயதுக்கான ஓர் எண்ணால் பெருக்கிக் கணக்கிட, அவர் செய்த வீட்டுவேலைக்கு ஒரு வருமானம் வைப்பார்கள். மாதம் 10,000 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 1,20,000. சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்து, 40 வயதுக்கான பெருக்கெண் 15-ஆல் பெருக்கினால் 12 லட்சம். வயது 66 என்றால் பெருக்கெண் 5. கிடைப்பது 4 லட்சம்தான். பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிக்கு இது அநியாயம்.

உயிர் பிழைத்துப் படுக்கையில் கிடந்தால் மொத்தத் தொகையே, அதாவது செலவையும் இழப்பையும் பார்த்து நீதிமன்றம் மொத்தமாக நிர்ணயிக்கும் தொகையே, மேல். ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனை வழக்கில், கால்கள் செயலிழந்த பொறியியல் மாணவருக்கு உச்ச நீதிமன்றம் 2009-இல் பெருக்கலை ஒதுக்கிவிட்டு 1 கோடி வழங்கியது. இதற்கு ரசீதுகள் வேண்டும்: ஆயா சம்பளம், பிசியோதெரபி, கோவைக்கு ஆம்புலன்ஸ் வாடகை. முதலில் மருத்துவப் பதிவுகளை எழுதிக் கேளுங்கள். 72 மணி நேரத்தில் தர வேண்டும்.

ஊட்டி நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். எல்லோருக்கும் இலவசமான மருத்துவமனை என்றால் அங்கே எடுபடாது, சிவில் கோர்ட்தான்.