முதுமையில் வலியும் நடமாட்டமும்: ஆஸ்டியோபதியா, பிசியோதெரபியா?

சிறுநீரகம் அல்லது இரைப்பையின் நிலை காரணமாக வலி மாத்திரைகளைத் தொடர்ந்து உட்கொள்ள முடியாத முதியவர்களுக்கு, கையால் செய்யப்படும் ஆஸ்டியோபதியும் உடற்பயிற்சியை மையமாகக் கொண்ட பிசியோதெரபியும் மாற்று வழிகளாகச் சொல்லப்படுகின்றன. இரண்டில் எது மேல் என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. வலியைத் தணிப்பதும் நடமாட்டத்தை மீட்பதும் வெவ்வேறு வேலைகள் என்பதால், இரண்டையும் தனித்தனியே எடைபோட வேண்டும்.

ஆஸ்டியோபதியின் கொள்கைகளை அமெரிக்க மருத்துவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1874-இல் முன்வைத்தார்; அதற்கான முதல் பள்ளியை 1892-இல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில்லில் தொடங்கினார். இன்று அமெரிக்காவில் இத்துறையில் பட்டம் பெற்றவர்கள் மருந்து எழுதவும் அறுவை சிகிச்சை செய்யவும் உரிமம் பெறும் முழுமையான மருத்துவர்கள். பிரிட்டனிலோ 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்று, உடலைக் கையாளும் சிகிச்சையை மட்டும் அளிப்பவர்கள். சில நாடுகளில் தனிச் சட்டமே இல்லை. ஆகவே, பெயர்ப்பலகையைப் பார்ப்பதோடு நில்லாமல், பயிற்சியையும் பதிவையும் விசாரிப்பது அவசியம். பிசியோதெரபியில் இந்தக் குழப்பம் குறைவு.

முதியவர்களுக்கு ஆஸ்டியோபதி சிகிச்சையாளர் பெரும்பாலும் மென்மையான முறைகளையே கையாள்கிறார். இடுப்பு இறுகிப்போன ஒருவரைப் படுக்கவைத்து, காலை இறுக்கம் தென்படும் எல்லைவரை மெதுவாகக் கொண்டுசெல்வார். அந்த இடத்தில் சிகிச்சையாளரின் கைக்கு எதிராக லேசாகத் தள்ளும்படி கூறி, சில நொடிகளில் தளர்த்தச் சொல்வார். தசை தளர்ந்ததும் கால் முன்பைவிடச் சற்றே கூடுதலாக நகரும். இதை மூன்று, நான்கு முறை செய்த பிறகு, படுக்கையில் புரண்டு படுப்பதும் குனிந்து காலணி அணிவதும் எளிதாகிவிட்டதாகப் பலர் உணர்கிறார்கள். அவசரமின்றி ஒருவர் தம் உடலைக் கவனித்துத் தொட்டுப் பார்ப்பதே, தனிமையில் வாழும் முதியவருக்கு ஓர் ஆறுதல் என்பதையும் நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

ஆனால், அந்த இதம் எவ்வளவு காலம் நீடிக்கிறது? பிரான்சில் நீடித்த முதுகுவலி உள்ள 400 பேரிடம் நடத்தப்பட்டு 2021-இல் வெளியான ஆய்வில், உண்மையான ஆஸ்டியோபதிக்கும், ஒப்பீட்டுக்காகச் சிகிச்சைபோலவே நடித்துக் காட்டப்படும் பாவனைச் சிகிச்சைக்கும் இடையிலான வேறுபாடு மிகச் சிறியதாகவே இருந்தது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2016-இல் வெளியிட்ட முதுகுவலி வழிகாட்டுதலும், கைச் சிகிச்சையை உடற்பயிற்சி உள்ளடங்கிய திட்டத்தின் ஒரு பகுதியாக மட்டுமே பரிசீலிக்கலாம் என்கிறது.

நடமாட்டத்தைப் பொறுத்தவரை தராசு பிசியோதெரபியின் பக்கமே தெளிவாகச் சாய்கிறது. முதியவர் நாற்காலியிலிருந்து எழத் திணறுவதற்குத் தொடைத் தசை மெலிந்திருப்பது முக்கியக் காரணம். எத்தனை முறை பிடித்துவிட்டாலும் மெலிந்த தசை வலுப்பெறாது, உழைத்தால்தான் பெறும். கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு 30 நொடிகளில் எத்தனை முறை எழுந்து அமர முடிகிறது என்று பிசியோதெரபிஸ்ட் எண்ணிக் குறித்துக்கொள்வதும், சில வாரங்கள் கழித்து அதே சோதனையைத் திரும்பச் செய்வதும் முன்னேற்றத்தைக் கண்கூடாகக் காட்டிவிடும். வீட்டில் வசிக்கும் முதியவர்கள் விழும் நிகழ்வுகளை உடற்பயிற்சி சுமார் 23 சதவீதம் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2019-ஆம் ஆண்டு மறுஆய்வு தெரிவிக்கிறது. இதற்கு இணையான சான்று ஆஸ்டியோபதிக்கு இல்லை.

பிசியோதெரபிக்கும் குறை உண்டு. பயிற்சித் தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டால், வலியோடு இருப்பவர் அதைத் தொடுவதே இல்லை. ஆஸ்டியோபதிக்குப் பொருத்தமான இடமாக எனக்குத் தோன்றுவது இதுதான்: வலியும் இறுக்கமும் பயிற்சியைத் தொடங்கவே விடாமல் தடுக்கும்போது, சில அமர்வுகளில் அவற்றைத் தணித்து, பயிற்சிக்கு வழிவிடுவது. முடிவே இல்லாமல் வாரந்தோறும் வரச் சொல்லும் சிகிச்சையாளரிடம் காரணம் கேட்பது நியாயமே.

கையால் செய்யப்படும் மற்றொரு சிகிச்சையான கைரோபிராக்டிக் முறை முதுகெலும்பை விரைந்து சொடுக்கும் உத்தியை அதிகம் சார்ந்திருப்பதால், முதுமையில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். வெறும் மசாஜ் இதமளிக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்க இயலாது. ஆஸ்டியோபதியிலும் இத்தகைய சொடுக்கு உத்திகள் உண்டு என்பதால், எலும்பு மெலிவு நோய், முன்பு ஏற்பட்ட எலும்பு முறிவு, கழுத்தைப் பாதித்த முடக்குவாதம், ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து ஆகியவற்றை முதல் சந்திப்பிலேயே தெரிவித்துவிட வேண்டும். கீழே விழுந்தபின் தொடங்கிய முதுகுவலி, திடீரெனக் கால் மரத்துப்போதல், சிறுநீரைக் கட்டுப்படுத்த முடியாமை, காரணமின்றி எடை குறைதல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும், இந்த ஒப்பீட்டை ஒதுக்கி வைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.