பாகுநிலை காட்டும் என்று விற்கப்பட்ட கைக்கருவி: படகு வைத்திருப்போர் கவனத்துக்கு

திருகோணமலை கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கும் இரண்டு பலநாள் படகுகளின் என்ஜின்களைப் பராமரிப்பவன் நான். என்ஜின் ஒயிலின் பாகுநிலையை, அதாவது அதன் தடிப்பை, நின்ற இடத்திலேயே அளந்துவிடலாம் என்று சொல்லி எனக்கு விற்கப்பட்ட ஒரு கைக்கருவியை நம்பியதால், அவற்றில் ஒரு என்ஜினின் பெயரிங்குகள் தேய்ந்து போயின. அதே கருவியை இப்போது வேறு சில படகு உரிமையாளர்களிடமும் விலை பேசுகிறார்கள் என்று அறிந்ததால் இதை எழுதுகிறேன்.

கருவி ஒரு கைத்தொலைபேசி அளவுதான். அதன் தலைப்பகுதியில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் ஒரு குழி இருக்கிறது. முதலில் புது ஒயிலை விட்டு அதைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு பழைய ஒயிலில் சில துளிகளை விட்டுப் பொத்தானை அழுத்தினால் ஓர் எண்ணும், பச்சை, மஞ்சள், சிவப்பு ஆகிய மூன்றில் ஒரு விளக்கும் தோன்றும். விற்பனையாளர் என் கண்முன்னே புதிய நாற்பதாம் நம்பர் ஒயிலை விட்டபோது பச்சை எரிந்தது. முச்சக்கர வண்டியொன்றிலிருந்து இறக்கிய கருத்த ஒயிலை விட்டபோது சிவப்பு எரிந்தது. "இந்த எண்தான் ஐயா பாகுநிலை" என்றார். 48,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன்.

அடுத்த இரண்டு மாதங்களும் படகு கரைக்கு வரும் ஒவ்வொரு முறையும் சோதித்தேன். ஒவ்வொரு முறையும் பச்சைதான். பின்னர் ஒரு பயணத்துக்கு முதல்நாள் மாலை, என்ஜினைப் பார்க்கும் தம்பி அளவுகோலை உருவிக் காட்டி, "அண்ணே, ஒயில் குறையல்ல, கூடியெல்லோ நிக்குது" என்றான். கோலின் நுனியை முகர்ந்தபோது டீசல் வாடை லேசாக வந்தது. ஒயில் மட்டம் தானாக உயர்கிறது என்றால் டீசலோ தண்ணீரோ உள்ளே இறங்குகிறது என்று பொருள். இதை அறியாதவன் அல்ல நான். ஆனாலும் கருவியில் துளி விட்டுப் பார்த்தேன், பச்சை எரிந்தது, படகை அனுப்பிவிட்டேன். இரண்டாம் நாள் நடுக்கடலில் ஒயில் அமுக்கமானி இறங்கத் தொடங்கியதால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். கழற்றிப் பார்த்தபோது என்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் ஓர் இன்ஜெக்டர் ஒழுகி டீசல் ஒயிலோடு கலந்திருந்தது. பெயரிங்குகளின் ஓடுகளில் (செல்களில்) மேற்பூச்சு தேய்ந்து, உள்ளேயிருந்த செம்பு நிறம் தெரிந்தது. கடலில் இருந்தவர்களுக்கு ஆபத்து எதுவும் வரவில்லை என்பதற்கு இன்றும் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன்.

அதன் பிறகுதான் வீட்டில் மூன்று கிண்ணங்களை வைத்துச் சோதித்தேன். ஒன்றில் புதிய நாற்பதாம் நம்பர் ஒயில், இரண்டாவதில் அதே ஒயிலில் பத்தில் ஒரு பங்கு டீசல், மூன்றாவதில் தையல் இயந்திரத்துக்கு விடும் எண்ணெய். கரண்டியால் அள்ளி ஊற்றினால் முதலாவது நூல்போல நீண்டு இறங்குகிறது, இரண்டாவது சீக்கிரமே அறுந்து சொட்டுகிறது, மூன்றாவது ஏறத்தாழத் தண்ணீராக ஓடுகிறது. குழந்தைக்கும் தெரியும் இந்த வித்தியாசம் கருவிக்குத் தெரியவில்லை. மூன்றுக்கும் பச்சை விளக்கே எரிந்தது.

காரணம் இதுதான். அந்தக் கருவி பாகுநிலையை அளப்பதே இல்லை. எண்ணெயின் டைஎலெக்ட்ரிக் மாறிலி எனப்படும் மின்சார இயல்பு ஒன்றையே அளக்கிறது. மசகு எண்ணெய்க்கு அந்த மாறிலி 2க்குச் சற்று மேல். டீசலுக்கும் ஏறத்தாழ அதே அளவு. தண்ணீருக்கோ 80 அளவில். ஆகவே தண்ணீர் புகுந்த ஒயிலையும், ஒட்சியேற்றத்தாலும் கரியாலும் கெட்டுப்போன ஒயிலையும் அது காட்டிக்கொடுக்கக்கூடும். கடையில் சிவப்பு எரிந்தது அதனால்தான். டீசல் கலந்து மெலிந்த ஒயில் அதன் பார்வையில் நல்ல ஒயில். தண்ணீர் சோதிக்கும் கருவி என்று சொல்லி விற்றிருந்தால் எனக்கு எந்தக் குறையும் இருந்திராது.

நான் அன்றே கேட்டிருக்க வேண்டிய கேள்வி வெப்பநிலை பற்றியது. ஒயில் சூடாகச் சூடாக மெலியும். அதனால்தான் கைத்தொழில் எண்ணெய்களின் ஐ.எஸ்.ஓ. தர எண்கள் 40 பாகை செல்சியசில் உள்ள பாகுநிலையைக் குறிக்கின்றன, நாம் நாற்பதாம் நம்பர் என்று சொல்லும் எஸ்.ஏ.ஈ. 40 என்ற என்ஜின் ஒயில் தரமும் 100 பாகையில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்குக்குள் (பாகுநிலையின் அலகு) இருக்க வேண்டும் என்று வரையறுக்கப்பட்டுள்ளது. வெப்பநிலையைத் தானும் அளக்காமல், நம்மிடமும் கேட்காமல், எண்ணெயை ஒரு குறித்த சூட்டுக்கும் கொண்டுவராமல் ஒரு கருவி தரும் எண் பாகுநிலையாக இருக்கவே முடியாது.

உண்மையில் பாகுநிலையை அளக்கும் கைக்கருவிகள் இருக்கின்றன. எண்ணெயை 40 பாகையில் வைத்து அளப்பவை விலை கூடியவை. எளியது இரட்டைக் குழாய்க் கருவி: ஒரு குழாயில் பாகுநிலை தெரிந்த எண்ணெய், மற்றதில் நம்முடைய ஒயில், இரண்டிலும் ஒரே அளவு உருக்குக் குண்டு, ஒன்றாகச் சரிக்கும்போது எந்தக் குண்டு முந்துகிறது என்று பார்ப்பது. குண்டைவிடச் சற்றே அகலமான இரண்டு கண்ணாடிக் குழாய்களை எடுத்து, ஒன்றில் புது ஒயிலும் மற்றதில் என்ஜினில் எடுத்த ஒயிலும் நிரப்பி, அரை மணி நேரம் ஒரே வாளித் தண்ணீரில் வைத்துவிட்டுச் சரித்துப் பார்த்தேன். கருத்த ஒயிலுக்குள் குண்டு கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் அது அடியில் மோதும் சத்தம் முதலில் கேட்டது.

விற்பனையாளர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். பற்றுச்சீட்டில் 'ஒயில் டெஸ்டர்' என்று மட்டுமே எழுதியிருக்கிறது, பாகுநிலை என்று எங்கேயும் இல்லை என்பது அவருடைய வாதம். வாய்ச்சொல்லுக்குச் சாட்சியாக உடனிருந்த தம்பியின் கூற்றையும் பற்றுச்சீட்டையும் வைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடவிருக்கிறேன். நீங்கள் இதை ஏற்கெனவே வாங்கியிருந்தால் பெட்டியையும் சீட்டையும் எறிந்துவிடாதீர்கள். வாங்கப் போகிறீர்கள் என்றால், ஒரு சிறு போத்தலில் டீசல் கலந்த புது ஒயிலைக் கையோடு கொண்டுபோய், அவர் முன்னாலேயே குழியில் விட்டுப் பாருங்கள்.